பழைய கார் வாங்கும் விசுவாசியின் நாவும் கணக்கும்



பிழைப்பைத் தேடி மும்பைக்கும் புனேவுக்கும் பெங்களூருவுக்கும் தில்லிக்கும் வந்து குடியேறிய நம் குடும்பங்களில், வீட்டிற்கும் பிள்ளைகளின் படிப்பிற்கும் அடுத்தபடியாகப் பெருந்தொகை கைமாறுவது கார் வாங்கும்போதுதான். புதிய வண்டி எடுக்க வசதியுள்ளவர்கள் சபையில் சிலரே. மற்றவர்கள் ஐந்து, எட்டு ஆண்டுகள் ஓடிய வண்டியைத் தேடுகிறார்கள். மழைக்காலத்தில் கைக்குழந்தையோடு ஆராதனைக்கு வரவும், வயதான தாயாரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகவும், மே மாதத்தில் நாகர்கோவில் ரயிலில் இடம் கிடைக்காதபோது ஊர் போய்ச் சேரவும் கார் தேவைப்படுகிறது. ஆகையால் அதை உலக ஆடம்பரம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை.

வண்டி வாங்குமுன் ஜெபத்திற்காக வரும் சகோதரர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் இரண்டு. எவ்வளவு குறைத்துக் கேட்கலாம் என்பது ஒன்று. கியர் வண்டியா, ஆட்டோமேட்டிக் வண்டியா என்பது மற்றொன்று. மூன்றாவது கேள்வியை ஒருவரும் கேட்பதில்லை. விலை பேசுகிற அந்த அரைமணி நேரத்தில் என் நாவு எப்படியிருக்க வேண்டும் என்பதே அது. உபவாசித்து ஜெபித்து வண்டி பார்க்கப் போகிறவர், அங்கே நாலு பொய் சொல்லி இருபதாயிரம் ரூபாய் குறைத்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதையே சாட்சியாகவும் சொல்லிவிடுகிறார். நாமும் கைதட்டி ஸ்தோத்திரம் சொல்கிறோம்.

நீதிமொழிகள் 20:14-ஐ எடுத்து வாசித்துப் பாருங்கள். வாங்குகிறவன் பொருளைப் பழித்துப் பேசி விலையைக் குறைத்துவிட்டு, வீடு திரும்பும்போது தன் சாமர்த்தியத்தைத் தானே புகழ்ந்துகொள்ளும் காட்சி அங்கே இருக்கிறது. எபிரெய மூலத்தில் 'கெட்டது' என்னும் சொல் இருமுறை அடுக்கி வருகிறது. அந்தக் காலத்துச் சந்தையில் கேட்ட அதே குரலை, பழைய வண்டிகள் வரிசையாய் நிற்கும் நம் நகரத்துச் சாலையோரங்களில் இன்றும் கேட்கலாம். "எஞ்சின் சத்தமே சரியில்லை", "இந்த நிறத்தை யார் வாங்குவார்கள்", "இதே வண்டியை இன்னொருவர் இரண்டரைக்குத் தருகிறேன் என்கிறார்". அப்படி ஒருவரும் சொல்லவில்லை என்பது சொல்பவருக்குத் தெரியும்.

விலை பேசுவது பாவமல்ல. ஆபிரகாம் பேசினார். ஆதியாகமம் 23-இல் சாராளை அடக்கம்பண்ண நிலம் கேட்டபோது, எப்பெரோன் முதலில் இலவசமாகவே தருவதுபோலப் பேசி, பின்பு பேச்சோடு பேச்சாக நானூறு சேக்கல் வெள்ளி என்று விலையைச் சொல்லுகிறான். ஆபிரகாம் நிலத்தைப் பழிக்கவில்லை. சாட்சிகளின் முன்னிலையில் நிறுத்துக் கொடுத்தார். நிலம், குகை, எல்லைக்குள் நிற்கும் மரங்கள் யாவும் அவருக்கு உறுதியாயின என்று வேதம் ஒவ்வொன்றாகக் குறிப்பிடுகிறது. இதைப் பின்னால் பத்திரங்களைக் குறித்துச் சொல்லும்போது நினைவில் வையுங்கள்.

முதலில் வீட்டில் தீர்க்கவேண்டியது

வண்டி பார்க்கப் போகுமுன், அதை யார் ஓட்டப்போகிறார் என்று கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசவேண்டும். நம் வீடுகளில் இந்தப் பேச்சு நடப்பதில்லை. சகோதரன் தன் விருப்பப்படி வாங்கிவிடுகிறார். அவர் வேலைக்குப் போனபின் வண்டி கீழே தூசி படிந்து நிற்கிறது. இரவுப் பணிக்குச் செல்லும் செவிலியரான அவருடைய மனைவியோ, மழையில் ஆட்டோவுக்குக் காத்து நிற்கிறார். ஓட்டக் கற்றுக்கொள்ள அவருக்கு ஆசை உண்டு. கிளட்சும் கியரும்தான் பயம். இப்படிப்பட்ட வீட்டிற்கு ஆட்டோமேட்டிக் வண்டியே தகும் என்பது என் கருத்து. சயான்–பன்வேல் சாலையில் மாலை ஆறு மணிக்கு ஊர்ந்து செல்லும்போது இடதுகால் கிளட்சை எத்தனை முறை மிதிக்கிறது என்று எண்ணிப்பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. முழங்கால் வலியுள்ளவர்களுக்கும் அப்படியே.

ஆனால் ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயரில் வெவ்வேறு இயந்திரங்கள் விற்கப்படுகின்றன. பழைய வண்டி வாங்குகிறவர் இதை அறியாமற்போனால் நஷ்டப்படுவார்.

2014-இல் மாருதி செலேரியோ மூலம் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டிய விலையில் வந்தது ஏ.எம்.டி. என்னும் வகை. இதில் உள்ளே இருப்பது சாதாரண கியர்பெட்டியும் சாதாரண கிளட்சும்தான். நம் காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு கருவி அவற்றை இயக்குகிறது. ஆகையால் கிளட்ச் இதிலும் தேயும். கியர் மாறும்போது சிறிது தலையசைப்பு இருக்கும். அது பழுதல்ல, இவ்வகையின் இயல்பு. மேட்டில் நிற்கும்போது ஆக்ஸிலரேட்டரை மெல்ல மிதித்துக்கொண்டே வண்டியைத் தாங்கிப்பிடித்தால் கிளட்ச் கருகிவிடும், ஹேண்ட்பிரேக் போடவேண்டும். மாருதியின் ஏ.எம்.டி. வண்டிகளில் நிறுத்திவைப்பதற்கான 'பி' நிலை கிடையாது. எஞ்சினை அணைக்குமுன் கியரில் விட்டு ஹேண்ட்பிரேக்கையும் இழுக்கவேண்டும். புதிதாய் ஓட்டுகிறவர்களுக்கு இதை முதல் நாளிலேயே சொல்லிக்கொடுங்கள்.

டார்க் கன்வெர்ட்டர் வகையில் எண்ணெயின் சுழற்சியால் விசை கடத்தப்படுகிறது. அது பதமாக ஓடும், நெடுநாள் உழைக்கும். பெட்ரோல் சற்று அதிகம் குடிக்கும். சி.வி.டி. வகையில் பெல்ட்டும் விரிந்து சுருங்கும் கப்பிகளும் உண்டு. அது நகரத்திற்கு மிக இதமானது. ஆனால் கியர் எண்ணெயைக் காலத்தில் மாற்றியதற்கு ரசீது வேண்டும். இரட்டைக் கிளட்ச் வகை வேகமானது. ஆயினும் நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து சூடேறும் நம் நகரச் சாலைகளில் பல ஆண்டுகள் ஓடிய அப்படிப்பட்ட வண்டியை, உத்தரவாதக் காலம் முடிந்தபின் வாங்கும்படி நான் ஒருவருக்கும் சொல்லமாட்டேன். பழுதானால் வரும் செலவு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பை விழுங்கிவிடும்.

ஓட்டுகிறவர் ஒருவரே, பணமும் குறைவு, ஆண்டுக்கொருமுறை ஏறக்குறைய 1600 கிலோமீட்டர் ஓட்டித் திருநெல்வேலிக்குப் போகவேண்டும் என்றால், மேனுவலே போதும். வழியில் எந்தச் சிற்றூர் மெக்கானிக்கும் அதைத் திறந்து பார்ப்பார். சி.என்.ஜி. வேண்டும் என்கிறவர்களுக்கும் பெரும்பாலும் மேனுவலே கிடைக்கும், ஏனெனில் சி.என்.ஜி.யோடு ஏ.எம்.டி. சேர்ந்த கார்கள் 2024-இல்தான் டாடா மூலம் நம் நாட்டில் வந்தன. பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோமேட்டிக் வைத்திருக்கிறார் என்பது மட்டும் ஒரு காரணமாக வேண்டாம். சிறிய கார்களில் அந்த வசதிக்குப் புதிதிலேயே ஏறக்குறைய அரை லட்சம் கூடுதல். பழைய வண்டியிலும் அதில் ஒரு பங்கைக் கேட்பார்கள்.

மீதியுள்ள ஆண்டுகளுக்கே விலை

லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்தை யூபிலி வருஷத்தின் அதிகாரமாக மட்டுமே நாம் வாசித்திருக்கிறோம். 14 முதல் 16 வரையுள்ள வசனங்களில் நிலத்திற்கு விலை குறிக்கும் முறை இருக்கிறது. யூபிலிக்கு இன்னும் அநேக வருஷங்கள் இருந்தால் விலை கூடவேண்டும். கொஞ்ச வருஷங்களே மீந்திருந்தால் குறையவேண்டும். வாங்குகிறவன் கொடுப்பது இனி வரப்போகும் விளைச்சல்களுக்கான விலையே. விற்பவனும் வாங்குபவனும் ஒருவரையொருவர் வஞ்சிக்கக்கூடாது என்ற கட்டளை அதற்கு முன்னே நிற்கிறது. பழைய வண்டிக்கு இதைவிட நல்ல அளவுகோலை நான் கண்டதில்லை.

சொந்த உபயோகத்திற்கான காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் தகுதிச் சோதனை செய்து 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கவேண்டும். ஒன்பது ஆண்டு ஓடிய வண்டியில் நீங்கள் வாங்குவது மீதி ஆறு ஆண்டுகளை. விற்பவரோ தாம் அன்று கொடுத்த விலையிலிருந்தே கணக்குப் பண்ணுவார். நீங்கள் இன்றைய புதிய வண்டியின் விலையிலிருந்து தொடங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்கு உட்பட்ட சிறிய கார்களின் ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அதற்குமுன் 28 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் இருந்தன. புதியதன் விலை இறங்கும்போது பழையதும் இறங்கத்தான் வேண்டும். இதைப் பணிவாகச் சொல்லலாம், இது உண்மை.

தில்லி வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. 2018-இல் வந்த உச்சநீதிமன்ற உத்தரவின்படி தலைநகர வட்டாரத்தில் டீசல் வண்டிக்கு 10 ஆண்டும் பெட்ரோல் வண்டிக்கு 15 ஆண்டும் எல்லையாயின. 2025-இல் அந்த வழக்கு மறுபடியும் நீதிமன்றத்தின் முன் வந்தது. வாங்கும் நாளில் உள்ள விதியைக் கேட்டறியாமல் பழைய டீசல் வண்டிக்கு முன்பணம் கொடுக்கவேண்டாம்.

மெக்கானிக்கை அழைத்துப் போவது அவிசுவாசமல்ல

நெகேமியா அலங்கத்தைக் கட்டலாம் என்று ஜனங்களிடம் பேசுமுன், இராக்காலத்தில் போய் இடிந்த இடங்களையெல்லாம் தன் கண்ணால் பார்த்தார். வண்டியையோ பகல் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். நீங்கள் வருமுன் ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஸ்டார்ட் செய்தவுடன் நீலப் புகை வந்தால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. சூடான பின்னும் வெண்புகை நிற்காவிட்டால் கூலண்ட் உள்ளே கசிகிறதா என்று பார்க்கவேண்டும். முப்பதாயிரம் கிலோமீட்டர் என்று மீட்டர் காட்ட, பிரேக் மிதியின் ரப்பரும் ஸ்டியரிங்கின் தோலும் வழுவழுவென்று தேய்ந்திருந்தால், மீட்டரை நம்பாதீர்கள். சர்வீஸ் ரசீதுகளைக் கேளுங்கள். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. பானட்டின் போல்ட்டுகளில் பெயிண்ட் உரிந்திருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள்.

மும்பைக் கடற்காற்றில் நின்ற வண்டியின் அடிப்பாகத்தைத் துரு தின்றிருக்கும். லிப்டில் ஏற்றிப் பார்க்காமல் தெரியாது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியும் அப்படியே மறைக்கப்படுகிறது. 2023 டிசம்பரில் சென்னையிலும், பின்பு தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் வெள்ளம் வந்ததை அறிவீர்கள். ஊரில் மலிவாகக் கிடைக்கிறது என்று உறவினர் சொல்லும் வண்டியில், கால்விரிப்பைத் தூக்கிக் கீழே சேறு காய்ந்திருக்கிறதா, சீட்டின் தண்டவாளங்களில் துரு இருக்கிறதா என்று பாருங்கள்.

சபையில் உள்ள சகோதரரே விற்கிறார் என்றாலும் மெக்கானிக்கை விட்டுவிடவேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரு சபையில், விபத்தில் அடிபட்டு டிங்கரிங் செய்த வண்டியைச் சொல்லாமல் ஒருவர் மற்றவருக்கு விற்றார். வாங்கியவர் நம்பிக்கையினிமித்தம் ஒன்றும் சோதிக்கவில்லை. மூன்றாம் மாதம் விஷயம் வெளிப்பட்டது. ஒரே அப்பத்தில் பங்குபெற்ற இரண்டு குடும்பங்கள் இரண்டு ஆண்டுகள் ஒன்றோடொன்று பேசவில்லை. ஒரு குடும்பம் சபையையே விட்டுப்போயிற்று. ஒரு மெக்கானிக்கின் கூலி இந்தப் பிரிவினையைத் தடுத்திருக்கும்.

விலை பேசும் நேரம்

குறைகளை அறிந்தபின் பொய்க்கு அவசியமே இல்லை. உதாரணத்திற்கு, விற்பவர் 3,60,000 கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நான்கு டயருக்கு 16,000, கிளட்சுக்கு 9,000, பேட்டரிக்கு 5,000 என்று மெக்கானிக் கணக்குக் கொடுக்கிறார். ஆக 30,000. அந்தத் தாளை அவர் முன் வைத்து, "வண்டி எங்களுக்குப் பிடித்திருக்கிறது, இவற்றை மாற்றவேண்டும், ஆகையால் 3,30,000 தருகிறோம்" என்று சொல்லுங்கள். பிடித்திருக்கிறது என்று சொன்னால் விலை ஏறிவிடும் என்று தரகர்கள் பயமுறுத்துவார்கள். நான் பார்த்தவரையில், மெய்யாய்ப் பேசுகிறவரிடம் விற்பவரும் இறங்கிவருகிறார். விலையைச் சொன்னபின் மௌனமாயிருங்கள். அந்த மௌனத்தைத் தாங்கமுடியாமல்தான் நம்மவர்கள் பொய்யும் சொல்லுகிறார்கள், விலையையும் ஏற்றுகிறார்கள்.

உச்சவரம்பை வீட்டிலேயே தீர்மானித்து எழுதிக்கொள்ளுங்கள். கோபுரம் கட்டுமுன் செலவைக் கணக்கிடும் மனுஷனைப்பற்றி லூக்கா 14-இல் ஆண்டவர் சொன்னது இங்கேயும் பொருந்தும். "என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது" என்பது பொய்யாயிருந்தால், "நாங்கள் வீட்டில் தீர்மானித்தது இவ்வளவே" என்பது மெய். இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன. எல்லை தாண்டினால் எழுந்து வந்துவிடுங்கள். திரும்ப அழைப்பார் என்று நடிப்பதற்காக அல்ல, மெய்யாகவே.

கடன் வாங்குகிறவர்கள் வட்டி 'பிளாட்' கணக்கா, குறையும் அசலின்மேல் கணக்கா என்று கேட்கவேண்டும். மூன்று லட்சத்திற்கு நான்கு ஆண்டு, பிளாட் 10 சதவீதம் என்றால் வட்டி மட்டும் 1,20,000. மாதத் தவணை 8,750. குறையும் அசலின்மேல் பார்த்தால் அது ஏறக்குறைய 17½ சதவீத வட்டி. விலையில் போராடிக் குறைத்த பதினைந்தாயிரத்தை இங்கே எட்டு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறோம்.

இனி, விலை அறியாதவர் விற்கும்போது என்ன செய்வது? சில ஆண்டுகளுக்கு முன் சகோதரர் ஒருவர் என்னிடம் வந்தார். கணவனை இழந்த ஒரு அம்மா, அவருடைய வண்டியை 1,80,000-க்குக் கொடுக்கச் சம்மதித்திருந்தார். அதே வயதுள்ள அதே வண்டி வெளியே 2,60,000-க்குப் போவது சகோதரருக்குத் தெரியும். "அவர்களே சொன்ன விலைதானே, ஐயா, இதில் என் தப்பு என்ன?" என்று கேட்டார். நான் லேவியராகமம் 25:14-ஐ வாசிக்கக் கொடுத்தேன், வேறொன்றும் சொல்லவில்லை. அவர் அந்த அம்மாவிடம் போய் உண்மையான விலையைச் சொல்லி, டயருக்காக 15,000 கழித்து, 2,45,000 கொடுத்தார். அந்தப் பணத்திற்காக அவர் இன்னும் இரண்டு மாதம் காத்திருக்கவேண்டியதாயிற்று. இதை அவர் சபையில் சாட்சியாகச் சொல்லவில்லை. அவர் பெயரை நானும் இங்கே எழுதவில்லை.

பெயர் மாறும்வரை

பணம் கொடுத்துச் சாவி வாங்கியவுடன் காரியம் முடிந்தது என்று எண்ணுகிறவர்கள் அநேகர். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 50-ஆம் பிரிவின்படி, ஒரே மாநிலத்திற்குள் விற்பவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கவேண்டும். 29, 30 என்னும் படிவங்கள் இதற்கே. வங்கிக் கடன் இருந்தால் 35-ஆம் படிவத்தில் கையொப்பம் வாங்கி ஆர்.சி.யிலிருந்து அதை நீக்கவேண்டும். பெயர் மாறாதிருக்கும்போது விபத்து நேர்ந்தால், பதிவில் உள்ள பழைய உரிமையாளரே நஷ்டஈட்டிற்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்சநீதிமன்றம் நவீன்குமார் வழக்கில் தீர்த்திருக்கிறது. நீங்கள் சோம்பலாயிருந்தால் உங்களுக்கு வண்டி விற்றவர் நீதிமன்றத்தில் நிற்பார். இதை வெறும் அலுவலக வேலையாக நினைக்காதீர்கள். பிறனுக்கடுத்த கடமையும் இதில் இருக்கிறது.

காப்பீட்டையும் 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். 'நோ கிளெய்ம் போனஸ்' விற்பவருடையது, வண்டியோடு வராது; ஆகையால் பிரீமியம் கூடும் என்பதையும் கணக்கில் சேருங்கள். ஊரிலிருந்து தமிழ்நாட்டுப் பதிவு வண்டியைக் கொண்டுவந்தால், பன்னிரண்டு மாதத்திற்குமேல் இங்கே வைத்திருக்கும்போது இந்த மாநிலத்தில் பதிவுசெய்து வரியும் கட்டவேண்டும். 28-ஆம் படிவத்தில் தடையில்லாச் சான்று அங்கேயே வாங்கிவாருங்கள். மலிவாய் வாங்கியது இந்த வரியோடு சேர்ந்து மலிவாயிராது.

முன்பணம் கொடுக்குமுன் எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு, காப்பீடும் பதிவும் எதுவரை செல்லும் என்று பாருங்கள். கட்டாத அபராதம் நிலுவையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சேசிஸ் எண்ணை வண்டியிலேயே ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். சி.என்.ஜி. சிலிண்டர் பின்னால் பொருத்தியதாயிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்கவேண்டும். பழைய பாஸ்டேகை விற்பவர் மூடிவிட, நீங்கள் புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மக்பேலாவின் மரங்களை எண்ணியதுபோல, என்னென்ன வண்டியோடு வருகின்றன என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, சர்வீஸ் புத்தகம், இரண்டாவது சாவி. இரண்டாவது சாவி இல்லையென்றால் புதியது செய்யும் செலவை விலை பேசும்போதே சொல்லிவிடுங்கள். பணம் எண்ணிக் கொடுக்கும் நேரத்தில் அதைச் சொல்லித் திடீரென்று விலையைக் குறைக்கவேண்டாம்.